இடது காலில் தாளாளர்

தாளாளர் நமசிவாயம் சார் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு வலது காலைத் தூக்கி என் முன்னால் நீட்டினார். ஷூவில் கல் ஏறியிருக்கும், தட்டிவிடச் சொல்கிறார் என்று நினைத்துக் குனிந்தேன். போன வருஷத்திலிருந்து அதுதானே என் பிழைப்பு. "ஷூ இல்ல முத்து, அந்தச் சிப்பைக் கழட்டு" என்றார். கணுக்காலில் பட்டை போட்டுக் கட்டியிருந்த சின்னக் கறுப்பு வில்லை அது, என் வலது காலிலும் ஒன்று உண்டு. ஓட்டப் பாதையில் அங்கங்கே பாய் விரித்திருப்பார்கள். மிதித்துத் தாண்டினால் கீச்சென்று சத்தம் வரும், இன்னார் இந்த இடத்தைக் கடந்தார் என்று கம்ப்யூட்டரில் ஏறிவிடும். கழற்றி அவரிடம் கொடுத்தேன். வாங்கவில்லை.

"உன் கால்ல கட்டிக்கோ. இன்னொரு காலு சும்மாதான இருக்கு? எனக்கு முட்டி ஒரு மாதிரி பிடிக்குது. நான் கார்ல போயி கடைசி வளைவுல நிக்கேன். அங்கன வந்து குடு, சேந்தே ஓடி முடிச்சிருவோம்."

"சார், அது தப்பு சார்."

"ஊர்ல எவன் தப்புப் பண்ணல? திங்கக்கிழமை காலையில உன் சர்டிபிகேட்டத் தந்திருதேன், போ."

வடகரைக்கு மேலே ஒரு தென்னந்தோப்புக்குள் போட்டிருந்த தண்ணீர்ப் பந்தலில் வைத்து இதைச் சொன்னார். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்தில் பாதிதான் முடிந்திருந்தது. பக்கத்தில் நாலைந்து பேர் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர்கூட எங்களைக் கவனிக்கவில்லை. தாளாளர் காலடியில் டீச்சர் குனிந்து நிற்பதில் கவனிக்க என்ன இருக்கிறது?

நான் முத்துச்செல்வி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கும் அவருடைய பள்ளியில் பி.டி. டீச்சர். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். எங்கேயும் இதுதான் வழக்கம் என்றார் ஆபீஸ் மேடம் மங்களேஸ்வரி. திருடன்கூடக் கொஞ்சம் பயந்துகொண்டு எடுப்பான். இவர்களுக்கு அந்தப் பயமும் கிடையாது. இப்போது கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஓட்டப்பந்தயப் பிள்ளைகளுக்கென்றே தனி மைதானம் இருக்கிற பள்ளி. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினலைக் காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கேட்கப் போன தடவையெல்லாம் "ரேஸ் முடியட்டும், பாப்போம்" என்பதுதான் பதில். என் அப்பா ஒரு தடவை வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுப் பார்த்தார். 

சாருக்குச் சர்க்கரை வந்ததில் ஆரம்பித்தது எல்லாம். டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஃப்ளெக்ஸ் அடிக்க முடியாத எதையும் எங்கள் சாருக்குச் செய்யத் தெரியாது. மலையடிவாரத்தில் இந்தக் காட்டுவழி ஓட்டம் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து இறங்கியது. சேற்றில் வழுக்காத பல் வைத்த ஷூ, மடக்குக் கம்பு, உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பை, நெற்றி விளக்கு, தெம்புக்கு உறிஞ்சுகிற ஜெல், உப்பு மாத்திரை, நாடித்துடிப்பு சொல்லுகிற வாட்ச். எல்லாம் நல்ல சாமான்தான், பொய் சொல்லக் கூடாது. அந்த மாதிரி ஒரு ஷூவுக்காக நான் இரண்டு தீபாவளிக்குச் சேலை எடுக்கவில்லை. சாரல் விழுந்து ஊறின வரப்பில் அதைப் போட்டுக்கொண்டு கால் வைத்தால் மண் அப்படியே பிடித்துக்கொள்ளும். அந்தச் சுகம் தனி. ஆனால் சாமான் தானாக எழுந்து ஓடுமா? எனக்கும் பணம் கட்டி எண் அட்டை வாங்கிக் கொடுத்தார். அவருடைய பழைய முதுகுப் பையை என் தோளில் மாட்டி, தனக்கு வேண்டியதையெல்லாம் அதற்குள் திணித்தார். ஆம்பளை நெஞ்சுக்குத் தைத்த பை. வார் உராய்ந்த இடத்தில் எனக்குத் தோல் வழன்றுபோய் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓடினேன். ஒருத்தர் சாமானை இன்னொருத்தர் சுமக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. யார் கேட்பது? தாகம் எடுத்தால் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவார், நான் பாட்டிலை வைக்க வேண்டும். முன்னால் மட்டும் போகக் கூடாது. "ஃபோட்டோவுல நீ முன்னால நின்னா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தச் சிப்பை அப்போதே அவர் மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டும். எறியத்தான் கை ஓங்கியது. வெள்ளிக்கிழமை வந்து குறுக்கே நின்றுவிட்டது. குனிந்து என் இடது காலில் கட்டினேன். பையைத் திறந்து அவருடைய சாமானையெல்லாம் எடுத்து அவர் மடியில் கொட்டினேன். அந்த நேரத்தில் என்னால் ஆனது அவ்வளவுதான். தோப்புக்கு வெளியே காரை வைத்துக்கொண்டு நின்ற டிரைவர் இசக்கிதுரை அண்ணாச்சி என் காலைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் ஓடினேன் பாருங்கள்! முதுகில் பாரம் இல்லை, முன்னால் அவருடைய முதுகும் இல்லை. மேகம் மலையில் பாதி வரைக்கும் இறங்கி நின்றது. கால்வாய்க் கரை, நாற்றங்கால், மறுபடியும் தோப்பு. சாரல் முகத்தில் வந்து விழ விழ, தொடை சூடேறி, மூச்சு தன்பாட்டுக்கு ஒரு கதிக்கு வந்துவிட்டது. எனக்கு முன்னால் போன பெண்களில் இரண்டு பேரைத் தாண்டினேன். இன்னும் இரண்டே பேர்தான் முன்னால். மூன்றாவது ஆளாக முடித்தால் மேடையில் ஏற்றுவார்கள். சந்தோஷத்தில் ஒரு வாய்க்காலை ஒரே தாவில் தாண்டினேன். அந்தப் பக்கம் பாய் விரித்திருந்தது. கீச், கீச் என்று இரண்டு தடவை கத்தியது. மூச்சும் தொடையும் என்னுடையது, பேர் நமசிவாயம்! சந்தோஷம் அத்தனையும் அங்கேயே வடிந்துவிட்டது.

கடைசிப் பந்தலில் அலிமா உட்கார்ந்திருந்தாள். என்னிடம் ஓட்டம் பழகுகிற பிள்ளையின் அம்மா, தண்ணீர் கொடுக்க வந்திருந்தாள். பாயைத் தாண்டினவர்கள் பேர் ஓடுகிற திரையைப் பார்த்துவிட்டு என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"சார் எங்க டீச்சர்?"

"பின்னால வாராரு."

"அவரு பேரு இப்பமே வந்துட்டே!"

 அவள் என் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு டம்ளர் மோரை எடுத்து நீட்டினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். மோரைக் குடிக்காமல் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

குற்றாலத்துக்கு வெளியே ஒரு மைதானத்தில் ஓட்டம் முடிகிறது. வயலுக்கு நடுவே வரும்போதே மைக் சத்தம் கேட்டது. "ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் முதலிடத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறார் நம்முடைய தாளாளர்! முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில் இன்னும் வேகம்! என்ன ஒரு மன உறுதி!" அடப் பாவிகளா! நான் எத்தனையாவதாக வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. பின்னாலேயே எங்கள் பள்ளி பேண்டு முழங்கியது. ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக, சாரலில், பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

மைதானத்துக்குத் திரும்புகிற வளைவில் வாழைத்தோட்டம் மறைத்தது. கார் நின்றது. சார் தயாராக இருந்தார். தலையில் தண்ணீர் ஊற்றி, பனியனை நனைத்து, முட்டியில் சேறு பூசியிருந்தது. யார் பூசிவிட்டது என்று கேட்கவே வேண்டாம், இசக்கிதுரை அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சபாஷ் முத்து! குடு, குடு, சீக்கிரம்."

நான் வரப்பில் உட்கார்ந்தேன். யோசித்துச் செய்ததில்லை. கால் தானாக மடங்கிவிட்டது. உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

"சர்டிபிகேட் சார்."

"அதான் திங்கக்கிழமைன்னு சொன்னேம்லா."

"இப்ப வேணும். பள்ளிக்கொடம் பக்கத்துலதான இருக்கு. மங்களேஸ்வரி மேடம் காம்பவுண்டுக்குள்ளதான குடியிருக்காங்க. ஃபோன் போடுங்க, அண்ணாச்சி போயி எடுத்துட்டு வரட்டும்."

"ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? யார்கிட்ட பேசுதோம்னு தெரியுதா?"

"தெரியாமலா சார் உங்களக் கால்ல கட்டித் தூக்கிட்டு வந்திருக்கேன்?"

குனிந்து என் கணுக்காலைப் பிடித்தார். பிடுங்கத்தான். அந்த நேரம் பார்த்து வளைவில் ஒருத்தர் ஓடி வந்தார். சார் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு என் காலை நீவிவிட ஆரம்பித்தார். "பாவம், எங்க டீச்சருக்குக் கால் பிடிச்சிட்டு." வந்தவர் நெஞ்சில் கை வைத்து, "சூப்பர் சார்! முடிக்கப்போற நேரத்துல டீச்சருக்காக நின்னிருக்கீங்களே, பெரிய மனசு சார்!" என்று சொல்லிவிட்டு ஓடினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பே வந்துவிட்டது. உதறிக் காலை இழுத்துக்கொண்டேன்.

மைக்கில் மறுபடியும் அவர் பேர். "இதோ, இன்னும் சில நிமிடங்களில்!" சார் மைதானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் அப்பாவைப் பற்றி ஒன்று சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். பிறகு ஃபோனை எடுத்தார். "மங்களம், அந்த முத்துச்செல்வி கவரை எடுத்துக் குடு. கேள்வி கேக்காத!" கார் கிளம்பியது.

காத்திருந்தேன். நான் தாண்டிவிட்டு வந்த பெண்களில் ஒருத்தி வளைவில் வந்தாள். நொண்டிக்கொண்டுதான் வந்தாள், பெங்களூர்க்காரி போல. என்னைப் பார்த்து நின்று, "ஆர் யூ ஓகே?" என்றாள். ஒன்றுமில்லை, போங்கள் என்று கையைக் காட்டினேன். போனாள். மூன்றாம் இடம் அவளோடு போனது. எழுந்து நாலு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம், அந்தத் தெம்பு காலில் இருந்தது. மண்ணைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. சார் பார்க்கக் கூடாது என்று முகத்தைச் சாரலுக்குக் கொடுத்தேன்.

கார் திரும்பி வந்தது. இசக்கிதுரை அண்ணாச்சி கவரை நேராக என் கையில் கொடுத்தார். சார் நீட்டின கையைப் பார்க்காத மாதிரி தாண்டி வந்தார். ஈரக் கையைக் காரின் சீட்டுத் துணியில் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி, பி.பி.எட். எல்லாம் இருந்தது. எல்லாவற்றிலும் என் பேர்தான் இருந்தது. கவரை மடித்துப் பைக்குள் வைத்து, வாரை இறுக்கினேன். தோல் வழன்ற இடம் எரிந்தது, எரியட்டும்.

"திருப்திதான? வா, போவோம். ரெண்டு அடி பின்னாலயே வா" என்றார் சார்.

இடது காலில் இருந்த பட்டையைப் பிய்த்து அவர் கையில் வைத்தேன்.

"இந்தாங்க சார். இனிமே இது உங்க பாடு. கட்டிக்கிட்டு ஓடுவீங்களோ, திருப்பிக் குடுப்பீங்களோ. நான் கெளம்புதேன்."

வளைவு திரும்பினதும் மைதானம் முழுக்கத் தெரிந்தது. ஓடினேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாக் கண்ணும் என் தோளுக்குப் பின்னால் இருந்தது. பாயை மிதித்தேன். ஒரே ஒரு தடவை கீச்சென்றது. அந்தச் சத்தம் எனக்குப் போதும். மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். சார் என் பின்னாலேயே வாழைத்தோட்டத்தை விட்டு வெளியே வந்து, பட்டையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். அத்தனை பேர் பார்க்கக் குனிந்து அதைக் காலில் கட்டவா முடியும்? முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. இசக்கிதுரை அண்ணாச்சி காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மைக் பிடித்தவர் நாலாவது தடவையாக அவர் பேரைச் சொன்னார். சாரல் வலுத்தது. பேண்டு பிள்ளைகள் நனைந்துகொண்டே அடித்தார்கள். சார் வந்து சேருகிறவரைக்கும் நிறுத்தக் கூடாது என்று அவர்களிடம் சொல்லியிருந்தது.