ஐந்தாவது வார்

"தோளுக்கடியில கை குடுங்க தம்பி. இன்னும் கொஞ்சம் தூக்குங்க. ஆங், அப்படியே புடிச்சுக்கங்க."

பள்ளிவாசல் இமாம் யூனுஸ் ஹஜ்ரத் சொன்னபடியே ஃபாஜில் தன் அண்ணனைப் பாதி உட்கார்ந்த வாக்கில் தூக்கி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டான். உபைதுல்லாவின் தலை அவன் தோளில் வந்து விழுந்தது. கனமென்றால் அப்படியொரு கனம். கொல்லையில் நாலு பக்கமும் படுதா கட்டி, நடுவே பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த பலகையைப் போட்டிருந்தார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் அண்டாவில் ஆறிக்கொண்டிருந்தது. படுதாவுக்குள் ஹஜ்ரத்தும் ஃபாஜிலும், தண்ணீர் மொண்டு கொடுக்க மாமா மகன் அஸாரும் மட்டும்தான்.

ஆரம்பிக்கும்போதே ஹஜ்ரத் சொல்லிவிட்டார். "இங்க நம்ம கண்ணுல படுறது எதுவா இருந்தாலும் இங்கேயே விட்டுட்டுப் போயிடணும். வெளியில வாயத் தொறக்கக் கூடாது. மய்யித்து நம்மகிட்ட ஒப்படைச்சிருக்கிற அமானத்து அது."

அஸார் தலையாட்டினான். ஃபாஜிலும் ஆட்டினான்.

இறந்த உடம்பைக் குளிப்பாட்டும்போது வயிற்றை மெல்ல அழுத்தித் தடவ வேண்டும், உள்ளே இருக்கும் அசுத்தம் வெளியேறட்டும் என்று. ஹஜ்ரத் உறை மாட்டிய இடது கையை, நெஞ்சிலிருந்து முழங்கால் வரை மூடியிருந்த துணிக்கு அடியில் விட்டு அழுத்தினார். கை நின்றது. மறுபடியும், இன்னும் மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

"என்ன தம்பி, வயிறு பலகையாட்டம் இருக்கு?"

"வாயு ஹஜ்ரத்," என்றான் ஃபாஜில். "நேத்து சாயங்காலத்துலேருந்தே வாயுன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க."

அண்ணனை மறுபடி படுக்க வைத்துத் தண்ணீர் ஊற்றியபோது துணி சற்றுக் கீழே நகர்ந்தது. தொப்புளுக்கு மேலே நாலு விரல் அகலத்தில் கருநீலப் பட்டை ஒன்று, இந்த விலாவிலிருந்து அந்த விலா வரைக்கும் ஓடியிருந்தது. ஹஜ்ரத் அதைப் பார்த்தார். பிறகு ஃபாஜிலைப் பார்த்தார். துணியை மேலே இழுத்து மூடிவிட்டு, "தண்ணி குடுங்க அஸார்," என்றார்.

அந்தப் பட்டையின் அகலம் மூன்று அங்குலம். ஃபாஜில் அளந்து பார்க்க வேண்டியதில்லை. ஷார்ஜா பாலைவனத்தில் பன்னிரண்டு வருஷமாக அவனுக்குச் சோறு போடுவதே அந்த அகலத்துப் பெல்ட்தான். சுற்றுலா வருகிறவர்கள் மணல்மேட்டில் ஓட்டுகிற பக்கி வண்டிகளுக்கு அவன் பெல்ட் மாட்டுகிறவன். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற, கூரைக்குப் பதிலாக இரும்புக்குழாய்க் கூண்டு வைத்த வண்டிகள். கார் பெல்ட் மாதிரி ஒற்றைப் பட்டை இல்லை. ஆளுக்கு ஐந்து வார். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தரையிலிருந்து தொடைகளுக்கு நடுவே வருவது ஒன்று. ஐந்தும் அடிவயிற்றில் ஒரே பூட்டில் வந்து சேரும்.

பார்க்கிறவர்களுக்கு அந்த ஐந்தாவது வார் எதற்கென்றே தெரியாது. வண்டி மோதி நிற்கும்போது தோள் வார்கள் பூட்டை மேலே இழுக்கும். அதைக் கீழே இழுத்துப் பிடிப்பது ஐந்தாவது வார் ஒன்றுதான். அது இல்லாவிட்டால் இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். ஆள் அடியில் நழுவுவான், பட்டை குடலை நசுக்கும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைப் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். நீள அங்கி போட்ட அரபிகள் முகம் சுளித்தாலும், "இதை மாட்டாம வண்டி கிளம்பாது," என்று ஃபாஜில் முன்னால் போய் நிற்பான். அங்கே அவன் வாய்க்கு அவ்வளவு தைரியம்.

நேற்று மத்தியானம்தான் எல்லாம். திருத்துறைப்பூண்டி ரோட்டில் அச்சுதன் என்பவர் வயலும் தோப்புமாக ஒரு விடுதி நடத்துகிறார். விருந்தாளிகள் ஓட்ட என்று பழைய பக்கி ஒன்றை வாங்கிவிட்டு, பெல்ட் மாட்ட ஆள் கிடைக்காமல் லீவில் வந்திருந்த ஃபாஜிலைக் கூப்பிட்டார். "பன்னெண்டு வருஷமா அங்க என்னத்தத்தான் கிழிக்கிறேன்னு நானும் வந்து பாக்குறேன்டா," என்று அண்ணன் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார்.

வேலை முடிந்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிற நேரம். அண்ணன் கைலியோடு ஏறி உட்கார்ந்து, காலுக்கிடையில் கிடந்த வாரைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னடா கூத்து? இதை மாட்டணும்னா கைலியைத் தொடைக்கு மேல சுருட்டணுமே. அங்க பாரு, பொம்பளைங்க நடவு நட்டுக்கிட்டிருக்காங்க. கழட்டிப் போடுடா."

"அது இல்லாம ஓட்டக் கூடாதுண்ணே."

"ஆமா, ஏரோப்ளேன் ஓட்டப்போறான். வரப்போரமா ஒரு சுத்து போறதுக்கு எதுக்குடா இவ்ளோ ஜோடனை?"

அத்தா மவுத்தாகி வீட்டில் சம்பாதிக்க ஆளில்லாமல் போனபோது ஃபாஜில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். அவனைப் படிக்கவைத்து, விசா எடுத்து, விமானம் ஏற்றிவிட்டவர் இவர். அவரிடம் கைலியைச் சுருட்டு என்று எப்படிச் சொல்வான்? நம்ம ஊர்தானே, மெதுவாகத்தானே போகப்போகிறோம் என்று நினைத்தான். சிரித்துக்கொண்டே குனிந்து, பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் அந்த வாரைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் போட்டான். இரண்டு நிமிஷ வேலை. ஓட்டுகிற பக்கம் உட்கார்ந்து, தன் ஐந்து வார்களையும் மாட்டிக்கொண்டான். அவன் பேன்ட் போட்டிருந்தான்.

விடுதியிலிருந்து பார்த்தால் தெரியாத வாய்க்கால் வளைவில் புல் மூடிக் கிடந்த மதகுக் கட்டை அவன் கண்ணில் படவில்லை.

மோதி நின்றதும் அண்ணன் தானாகவேதான் இறங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தார். "யா அல்லாஹ், கொடலப் புடிச்சு உலுக்கிட்டாண்டா உன் பெல்ட்டுக்காரன். வீட்ல மூச்சு விடாதே. உங்க அண்ணி கேட்டா, இனிமே உன்கூட வாசப்படி தாண்ட விடமாட்டா."

வீட்டில் டீ குடித்தார். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு சுருண்டு படுத்தார். அண்ணி ஃபஹ்மிதா ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிவிட்டாள். "வாயுதான். மொச்சைக்கொட்டை வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே," என்றாள். அண்ணன் ஃபாஜிலைப் பார்த்து, சொல்லாதே என்று லேசாகத் தலையை ஆட்டினார். ஃபாஜிலுக்கு ஷார்ஜாவில் காட்டிய அந்தப் படம் கண்முன்னால் வந்தது. தடவாதீங்க அண்ணி, காரைக் கூப்பிடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? இல்லை, பயம். சொன்னால் வார் கழற்றிய கதையும் வெளியே வரும். வாயுவாகவே இருக்கட்டும் ரப்பே என்று வேண்டிக்கொண்டு வாசலைப் பிடித்தபடி நின்றான்.

ராத்தொழுகைக்கு, இஷாவுக்குப் பாங்கு சொல்லும்போது அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. கார் வருவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த தெரு டாக்டர் வந்து, வேர்த்துச்சா, மூச்சு வாங்குச்சா என்று கேட்டார். ஆமாம் ஆமாம் என்றார்கள். ஹார்ட் அட்டாக் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது உடம்பைத் துவட்டி, கூடத்தில் விரித்திருந்த கஃபன் துணியில் கிடத்தினார்கள். கற்பூரமும் அத்தரும் வைத்து, இடமும் வலமுமாக மடித்து, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஹஜ்ரத் முடிச்சுப் போட்டார். நடு முடிச்சை ஃபாஜில் போட்டான். கையால் தடவி இடுப்பெலும்பைத் தேடி, அதன் மேல் சரியாகப் பொருத்தினான்.

"கொஞ்சம் மேல கட்டுங்க தம்பி."

"இங்கதான் இருக்கணும் ஹஜ்ரத்," என்று சொல்லி இறுக்கினான்.

முகம் பார்க்கப் பெண்களை விட்டார்கள். ஃபஹ்மிதாவை ஃபாஜிலின் தங்கை ரிஃப்கா தாங்கிக்கொண்டு வந்தாள். ஜனாஸா வாசலைத் தாண்டியதும் அவளை உள்ளறைக்குள் இத்தாவுக்கு உட்கார வைத்துவிடுவார்கள். நாலு மாசமும் பத்து நாளும் திரைக்கு அந்தப்பக்கம். கொழுந்தன் முகத்தில்கூட விழிக்கமாட்டாள். அதற்குள் ஃபாஜிலின் லீவும் முடிந்துவிடும். சொல்வதானால் இப்போதுதான் சொல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

அவள் அழவில்லை. வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தம்பி, குளிப்பாட்டுனது நீதானே?"

"ஆமாண்ணி."

"உடம்புல ஏதாச்சும் இருந்துச்சா? அடி, வீக்கம், ஏதாச்சும்? எனக்கு மனசே ஒப்பலை. நெஞ்ச ஒரு தடவகூடத் தொடலியே அவங்க. வயித்தத்தானே புடிச்சுக்கிட்டிருந்தாங்க."

ஃபாஜில் ஹஜ்ரத்தைப் பார்த்தான். அவர் குனிந்து கஃபன் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அங்க பாத்தத வெளியில சொல்லக் கூடாதுண்ணி."

"அப்ப ஏதோ இருந்திருக்கு." அவள் கண் விரிந்தது. பயத்தில் இல்லை, ஆசையில். ஏதாவது இருந்திருக்க வேண்டும் என்று அவள் மன்றாடுவது அவனுக்குப் புரிந்தது. "சொல்லு தம்பி. நீ என்ன சொன்னாலும் தாங்கிக்கிறேன்."

"இல்லண்ணி," என்றான். "ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருந்தாங்க."

அவள் முகம் அப்படியே அணைந்துபோனது. "அப்ப நெஞ்சுதான். நெஞ்சு வலியத்தான் நான் வாயுன்னு நெனச்சு ஓமத்தண்ணி ஊத்தியிருக்கேன். ஒரு மணி நேரம் உக்காந்து தடவிக் குடுத்திருக்கேன் தம்பி. ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். நான்ல கொன்னுட்டேன். என் கையாலயே கொன்னுட்டேன்." தன் இரண்டு கைகளையும் அவள் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ரிஃப்கா அவளை அணைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்கம் ஃபாஜில் தோள் கொடுத்தான். தெருவெல்லாம் கலிமா சொல்லிக்கொண்டு வந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் அவன்தான் எழுந்து நின்று சொல்ல வேண்டும், இறந்தவர் வீட்டு ஆண்பிள்ளை. "எங்க அண்ணன் உங்க யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க."

"பொறுத்துக்கிட்டோம்," என்றது கூட்டம். எவ்வளவு எளிதாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

கபுர்க் குழியில் இறங்கியதும் அவன்தான். முடிச்சுகளை அவிழ்த்துவிட வேண்டும். தலைமாடும் கால்மாடும் சட்டென்று அவிழ்ந்தன. நடு முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்துதான் அவிழ்ந்தது. நிமிர்ந்தபோது நாலு கைகள் அவனை மேலே இழுத்துவிட்டன.

கபுர்ஸ்தான் வாசலில் அச்சுதன் கையில் ஒரு மஞ்சப்பையோடு நின்றிருந்தார். "கேள்விப்பட்டதும் ஆடிப்போயிட்டேன் சார். நேத்து எவ்வளவு சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாரு. மனுஷ வாழ்க்கையில என்ன இருக்கு சொல்லுங்க," என்றார். பிறகு தயங்கி, பையை நீட்டினார். "வண்டியில சீட்டுக்குப் பின்னாடி இது கழண்டு கிடந்துச்சு. உங்க சாமானா இருக்கும்னு எடுத்துட்டு வந்தேன். இப்பப் போய்க் குடுக்கிறேனேன்னு நெனைக்காதீங்க."

"இது இல்லாம அந்த வண்டியில யாரையும் ஏத்தாதீங்க," என்றான் ஃபாஜில். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "யாரையும்."

"சரி சார். நீங்க வந்து மாட்டுற வரைக்கும் தொடமாட்டேன்."

நேற்று சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டாதவரிடம் இன்றைக்குச் சொல்லிவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தான்.

கூடத்துப் பலகையும் பாய்களும் எடுத்தாகிவிட்டன. பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்து, சட்டி மூடியபடி இருந்தது. உள்ளறை வாசலில் வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். ஃபாஜில் நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டான். ரிஃப்கா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். அழுதழுது அவளுக்கு முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, அண்ணி உங்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "'உங்க அண்ணனப் பாத்துக்கத் தெரியாம விட்டுட்டேன். இனிமே அவங்ககிட்டப் போய் நான் கேக்க முடியாது. அவங்களுக்குப் பதிலா நீ ஒரு வார்த்த பொறுத்துக்கிட்டேன்னு சொல்லணும்'னு சொல்றாங்க. நேத்துலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படலண்ணே. இதையேதான் சொல்லிக்கிட்டிருக்காங்க."

திரை தரையைத் தொடவில்லை. அதற்கடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஃபஹ்மிதா அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்தால் நாலு எட்டு. அதுகூட வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னால் கேட்கும். மடியில் அந்த வார் இருந்தது. எடுத்துக் காட்டி, இதுதான் அண்ணி, நான்தான் அண்ணி என்று சொன்னால் அந்தப் பாதங்கள் நிம்மதியாக நடக்கும்.

"நான் யாரு ரிஃப்கா, பொறுத்துக்கிறதுக்கு?"

"நீதானேண்ணே கூடப் பொறந்த ஆம்பளப் புள்ள. வேற யாரு இருக்கா?"

பாதங்கள் அசையவில்லை.

"பொறுத்துக்கிட்டேன்னு சொல்லு," என்றான் ஃபாஜில்.

திரைக்குப் பின்னால் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. பிறகுதான் அழுகை வந்தது, நேற்றிலிருந்து வராத அழுகை. ரிஃப்கா ஒரு கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, கிண்ணத்தில் கரண்டி படுகிற சத்தம் வந்தது. சற்று நேரத்தில் ரிஃப்கா வெளியே வந்து, கஞ்சிச் சட்டியின் மூடியை மறுபடி திறந்தாள்.

"குடிக்கிறாங்கண்ணே. உன் ஒரு சொல்லு போதுமா இருந்துருக்கு பாரு." இன்னொரு கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "உனக்கும் ஊத்தட்டுமா?"

அவன் மடியிலிருந்த பையை நாற்காலிக்கு அடியில் வைத்தான். வார் நுனியிலிருந்த இரும்பு தரையில் பட்டு ஓசை எழுப்பியது. திரைப்பக்கம் பார்த்தான். யாரும் கேட்கவில்லை.

"ஊத்து," என்றான்.