பாய் என்றால்

1

இதில் ஒரு விஷயம் எனக்குச் சரியாக நினைவில்லை: நான் எவ்வளவு நேரம் பேசாமல் நின்றேன் என்பது. ஒரு மூச்சு விடும் நேரம் என்கிறேன் நான். மோட்டார் படகின் எஞ்சின் ஆறிப்போகும் நேரம் என்கிறாள் அம்பிகா, என் மனைவி. இந்தக் கதை அந்த வித்தியாசத்தில் பிறந்தது.

2

முதல் வரியாக 'சேஷு கெட்டவன்' என்று எழுதி அடித்துவிட்டேன். (கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். அவன் என்று எழுதுவதும் இங்கே மட்டும்தான். நேரில் சார் என்பேன்.)

அடுத்த முயற்சி: 'தில்லியில் பாய்மரப் படகா என்று நீங்கள் சிரிக்கலாம்.' சிரியுங்கள். ஓக்லா தடுப்பணைக்கு மேலே யமுனை அகன்று தேங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் கழகம். அதன் கௌரவச் செயலாளர் வைத்தி, அதாவது நான். உறுப்பினர் சந்தா, படகுத்துறைக் குத்தகை, டீசல், குளியலறையில் ஒழுகும் குழாய், ஆற்றின் சாக்கடை நுரை பட்டு நாறும் படகுப் பாய்களை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுவது எல்லாம் என் பொறுப்பு. எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. நீச்சலும் தெரியாது.

3

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வருடாந்தரப் பந்தயத்தில் ஜெயிப்பவரிடம் படகுக் கொட்டகையின் சாவியைக் கொடுப்போம். யாருக்கு எந்தப் படகு, எதைப் பழுதுபார்ப்பது, எதற்குச் செலவழிப்பது என்று அடுத்த பந்தயம்வரை அவர்தான் தீர்மானிப்பார். இதெல்லாம் தலைவலி என்பதால், ஜெயித்தவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு சாவியை என்னிடமே தந்துவிடுவார்கள்.

போன வருடம் சேஷு வந்து சேர்ந்தான். நாகப்பட்டினத்துக்காரன், கடற்படையில் ஓய்வு பெற்றவன். ஜெயித்தால் சாவியைத் தானே வைத்துக்கொள்ளப்போவதாகக் கேன்டீனில் சொன்னான்.

"நீங்க ரெஸ்ட் எடுங்க சார். எவ்ளோ காலம்தான் அந்தக் குழாயைப் புடிச்சிட்டு நிப்பீங்க?"

அம்பிகா அதை இந்தியில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவன் அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் எனக்கு

(இந்த வாக்கியம் இவ்வளவுதான் வந்தது.)

4

அவன் படகில் முன்பாயைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அம்பிகா போனாள்.

அவள் கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் வாசிக்கத் தெரியாது. படுக்கும் பாயை இந்தியில் சட்டாய் என்றுதான் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து திருத்திப் பார்த்துத் தோற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீரிலிருந்து ஏறி வந்தவள், "பாய் ஓரத்துல கிழிஞ்சிருக்கு, தைக்கக் குடுங்க" என்றாள். மயூர் விஹாரில் எங்கள் வீடு வரும்வரை அந்த ஒரு சொல்லையே உருட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் வாங்கிக்கொள்ளாத சொல்லை அவனிடம் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

(பொறாமைக்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எழுதிப் பார்த்தேன். அம்பிகா அந்தப் பக்கத்துக்குள் வர மறுத்துவிட்டாள்.)

5

பந்தய நாளில் நான் கரையில் நின்றேன், நடுவர் ஜ்யோத்ஸ்னாவின் பக்கத்தில். கழகத்தின் தலைவியும் அவர்தான். மீட்பு மோட்டார் படகை ஓட்டுபவர் இர்ஃபான். அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

கடைசித் திருப்பத்தில் சேஷுவின் படகு முன்னால் இருந்தது. காற்று சட்டென்று திரும்ப, படகு சாய்ந்தது.

"பாய்! பாய விடு!" என்று சேஷு கத்தினான்.

அம்பிகா முன்பாயின் கயிற்றை விட்டாள். படகு நிமிர்ந்துவிட்டது. அதற்குள் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இர்ஃபான் பாய்ந்து போய் அவர்கள் படகைப் பிடித்துவிட்டார். அவர் கையை எடுத்த பிறகும் அவர்கள்தான் முதலில் வந்தார்கள்.

விதிப்படி, உதவி கேட்டு வாங்கிய படகுக்குப் பரிசு கிடையாது. கேட்காமல் வந்த உதவி பரவாயில்லை. பாய் என்று கூப்பிட்டு உதவி கேட்டதாக இரண்டாவதாக வந்தவர்கள் புகார் செய்தார்கள். கரையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"வைத்திஜி, உங்க பாஷையில பாய்னா வேற அர்த்தம் இருக்கா?" என்று ஜ்யோத்ஸ்னா இந்தியில் கேட்டார்.

6

எழுதிப் பார்த்த ஒரு முடிவில், வேறு அர்த்தம் 'இல்லை' என்கிறேன். சாவி என்னிடமே இருக்கிறது. அம்பிகா கரையிலேயே இருக்கிறாள். ரசித்து எழுதினேன், நன்றாகவே வந்தது.

இன்னொன்றில், கேள்வி முடியும் முன்பே 'இருக்கிறது' என்கிறேன். அந்த வைத்தி எனக்குப் பரிச்சயமில்லை.

நடந்தது என்னவென்றால், பேசாமல் நின்றேன். கரையோரம் நுரை ஒதுங்கிக்கொண்டிருந்தது. அம்பிகா மிதவைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னேன்: "பாய் மத்லப் பால்." (மத்லப் என்றால் அர்த்தம்; பாய்மரப் பாய்க்கு இந்தியில் பால். அப்போது எனக்கே சிரிப்பு வரவில்லை.)

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்பிகா கேட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்ல இவ்ளோ நேரமா?"

யோசித்தேன் என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சட்டாய் இல்ல, பாய், பாய்னு என் உயிரை எடுத்தது நீங்கதானே. அவர் மொத நாள் பாயைப் புடின்னப்போ, அச்சா, இவர் சொல்ற அதே பாய், விரிக்கிறதுன்னு டக்னு புரிஞ்சுது."

7

அந்த மௌனத்தின் நீளத்தை நான் எழுதப்போவதில்லை. (                ) இதில் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

சாவி சேஷுவிடம் இருக்கிறது. குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. ஜ்யோத்ஸ்னா இன்னும் தலைவி. இர்ஃபானை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் சந்தா வசூலிக்கிறேன். அம்பிகா ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பாயைப் பிடிக்கிறாள். வீட்டில் சட்டாய் என்கிறாள். நான் திருத்துவதில்லை.