வெர்லின் கழற்றிய பச்சைத் திருகாணி

1.

இந்தக் கதை என் மேசையில் கிடக்கும் ஒரு பச்சைத் திருகாணியிலிருந்து வந்தது. நானாகவே யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நன்றி சொல்வதற்காக எழுதும் கதையைப் பொய்யில் தொடங்கக் கூடாது.

முதல் வரியை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

விஸ்கான்சினில் எலக்ட்ரீஷியன்கள் தங்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க, குறிப்பிட்ட மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து... (எனக்கே கொட்டாவி வருகிறது.)

ஜூன் மாதக் கடைசி நாள், வெள்ளிக்கிழமை, சமையலறையில் மீன் வறுக்க எண்ணெய் காயும் வாசனை... (பரவாயில்லை. இதுவே இருக்கட்டும்.)

2.

வகுப்பு ஓர் உணவு விடுதியின் பின்கூடத்தில் நடந்தது. இருபது எலக்ட்ரீஷியன்கள். பாடம் நடத்துவது நான், லொரெய்ன். பதினோரு வருடமாக இவர்களுக்குப் புது விதிகளை வாசித்துக் காட்டித்தான் பிழைக்கிறேன். ஐந்து மணி வரை உட்கார்ந்தால் ஆறு மணி நேரம் கணக்கில் ஏறும். அப்புறம் எல்லாரும் மீன் சாப்பிடலாம்.

கடைசி வரிசையில் வெர்லின் ஸ்கோகன், அறுபத்திரண்டு வயது.

"டீச்சரம்மா, நான் வயர் இழுக்க ஆரம்பிச்சப்ப உனக்குப் பல்லுகூட முளைக்கல. நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?"

"உங்களுக்கில்ல வெர்லின், உங்க லைசென்ஸுக்கு. நீங்க தூங்குங்க, அது கேட்டுக்கட்டும்."

(முதலில் இவரை முரடராக எழுதினேன். காலையில் எல்லாருக்கும் டோனட் வாங்கி வந்தவரும் இவர்தான் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. இரண்டுமே இருக்கட்டும்.)

3.

இரண்டரை மணிக்குப் பண்ணைக் கட்டடங்கள் பற்றிய பாடம். நியூட்ரல் கம்பியையும் எர்த் கம்பியையும் சேர்க்கும் பச்சைத் திருகாணி முதன்மைப் பேனலோடு, அதாவது மின்சாரம் முதலில் வந்து சேரும் பெட்டியோடு, நின்றுவிட வேண்டும், தனியாக நிற்கும் கொட்டகையின் பேனலில் அது இருக்கக் கூடாது என்றேன். இருந்தால் கொட்டகை இரும்பிலெல்லாம் துளி மின்சாரம் கசியும். பூட்ஸ் போட்ட மனிதருக்குத் தெரியாது. ஈரத் தரையில் நின்று தொட்டியில் வாய் வைக்கும் மாட்டுக்குத் தெரியும்.

வெர்லின் எழுந்து நின்றார்.

"மாடு தண்ணிய நக்குமா? குடிக்காம, நாய் மாதிரி?"

"நக்கும். பால் வத்திப்போகும்."

"மார்செல்லா கொட்டகைக்கு நான்தான் பேனல் போட்டேன். டப்பால ஸ்குரூ இருந்துச்சு. பழக்கத்துல முடுக்கிட்டேன்."*

* கைதேர்ந்தவர்கள் மட்டுமே செய்யும் தவறு. புதியவன் என்றால் இது எதற்கு என்று கேட்டிருப்பான்.

மார்செல்லா ஸ்வைஃபல் அவருடைய பக்கத்துப் பண்ணையை நடத்தும் பெண். மாடுகளுக்குப் பால் வற்றிக்கொண்டே போனதால் ஒன்றரை வருடமாக வைத்தியரை மாற்றினார், தீவனத்தை மாற்றினார், கடைசியில் நாற்பது மாடுகளையும் ஏலத்துக்கு அனுப்ப முடிவெடுத்தார். அன்று மூன்று மணிக்கு லாரி வருகிறது.

(வெர்லின் போனிலேயே சொல்லிவிட்டதாக ஒரு வடிவம் எழுதினேன். உண்மையில் நான்கு தடவை கூப்பிட்டார். மாட்டிடம் இருக்கும்போது மார்செல்லா போனைத் தொடமாட்டார்.)

"இப்பப் போனா மணிக்கணக்கு குறையும் வெர்லின். இன்னியோட உங்க லைசென்ஸ் முடியுது. அடுத்த வகுப்பு ஆகஸ்ட்லதான். அதுவரைக்கும் உங்க பேர்ல ஒரு வேலையும் எடுக்க முடியாது."

"தெரியும். நான் முழுசாத் தூங்கல டீச்சரம்மா."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வருகைத் தாளில் தன் பெயருக்கு நேரே, வெளியேறிய நேரம் 2:40 என்று எழுதிவிட்டுப் போனார்.

4.

வெர்லின் லாரியை மறித்து நின்று... (வேண்டாம். நான் அங்கே இல்லை.)

நான் இருந்த இடத்தில் முக்கால்வாசிப் பேர் தூங்கினார்கள். பத்தொன்பது பேருக்கும் ஐந்து மணி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தரைக்கு வெர்லின் வந்தார். பேண்டெல்லாம் சாணி. திருகாணியை என் மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எட்டு மாட்ட ஏத்திட்டாங்க. ஸ்குரூவ கழட்டிட்டு ஒண்ண தொட்டிக்குக் கூட்டிட்டுப் போனோம். ரொம்ப நேரம் பயந்துக்கிட்டே நின்னுச்சு. அப்புறம் வாய முக்கிக் குடிச்சுது லொரெய்ன். தலையத் தூக்கவே இல்ல."

"மார்செல்லா என்ன சொன்னா?"

"திட்டுவான்னு நின்னேன். டிரைவரப் பாத்து, ஏத்தினத எல்லாம் இறக்குன்னா. என்கிட்ட இன்னும் பேசல."

பதினோரு வருடத்தில் என் பாடம் ஓர் உயிருக்குப் போய்ச் சேர்ந்தது அன்றுதான். நன்றியில் கண் கலங்கிவிட்டது. மீனுக்குப் பிழிந்த எலுமிச்சை கண்ணில் தெறித்துவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

5.

வருகைத் தாளை லைசென்ஸ் அலுவலகத்துக்கு அன்றே அனுப்ப வேண்டும். கதையின் ஒரு முடிவில், 2:40-ஐ அழித்து 5:00 என்று எழுதுகிறேன். அது பொய். தெரிந்தால் பாடம் நடத்தும் என் அனுமதி போய்விடும். இன்னொன்றில் அப்படியே அனுப்புகிறேன். தூங்கினவர்களுக்கு லைசென்ஸ் கிடைக்கிறது, வெர்லின் ஆகஸ்ட் வரை வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவதில், தட்டுகளை ஒதுக்கிவிட்டு அவர் ஒருவருக்காக மிச்சப் பாடத்தை மறுபடி நடத்துகிறேன். முன்னாடியே அறிவிக்காத வகுப்பை அலுவலகம் ஏற்குமா என்பது...

வெர்லினிடமே கேட்டேன்.

"நீ பாத்தத எழுது. எனக்குப் பசிக்குது."

எனவே உங்களிடம் விடுகிறேன். பென்சில், ரப்பர் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். திருகாணி மட்டும் என்னிடம் இருக்கட்டும். மூன்று முடிவிலும் மார்செல்லாவின் மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன. அதில் கை வைக்க உங்களுக்கு அனுமதி இல்லை.