துவேலா நாட்டின் இரண்டாம் குடிமகன்

1

இந்தக் கதை களவெடுத்தது. வேறு யாரும் சொல்லி நீங்கள் அறியமுன் நானே சொல்லிவிடுகிறேன். பரந்தன் சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்யும் ஜெயரூபினியிடமிருந்து எடுத்தேன். என் கதைகளைத் தட்டச்சு செய்து தருபவளும் அவள்தான். என் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்த ஒரே சீவன் அவள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்த அந்தப் பெண்ணின் சோகம் ததும்பும் கண்கள்” சீ. அவள் கண்ணில் சோகமும் இல்லை, ஒன்றும் இல்லை. மூக்குக்கண்ணாடிதான் இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: “நாடு என்பது யாது?” இது பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. வெட்டிவிட்டேன்.

2

நடந்தது இதுதான். ஒருநாள் கரண்ட் போய், கடையில் காத்திருந்தேன். பேச்சுவாக்கில் அவள் சொன்னாள்:

“அக்கா, நான் இன்னொரு நாட்டிலையும் பிரசை.”

“எது பிள்ளை, கனடாவோ?”

“துவேலா. அதுக்கு நிலம் இல்லை. இன்ரநெற்றிலை மட்டுந்தான் இருக்கு.”

“நல்லது. காணிப் பிரச்சினை வராது.”

சிரித்தாள். பிறகு விளக்கினாள். கொடி உண்டு, சட்டம் உண்டு, குடிகளே கூடி உண்டாக்கிய துவேல் என்றொரு மொழி உண்டு. தொள்ளாயிரம் சொல். ஒரு காலத்தில் ஐம்பத்திரண்டு பேர் இருந்தார்களாம், ஆளுக்கொரு தேசம். அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் தான் அன்று கண்ட ஒன்றை எழுதவேண்டும். இன்னொருவர் “மிரே தோ” என்று பதில் எழுதவேண்டும். உன்னோடு நானும் கண்டேன் என்று பொருள். பதில் வந்தால்தான் அந்த நாட்டு நாட்காட்டியில் ஒரு நாள் கூடும். வராவிட்டால் தேதி அப்படியே நிற்கும்.

“இப்ப எத்தினையாம் நாள்?”

“ஆயிரத்து நூற்றிப் பதினாலு. எட்டு மாசமா அதிலையே நிக்குது. எல்லாரும் விட்டிட்டுப் போட்டினம். நான் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறன்.”

“ஆர் வாசிக்கிறது?”

“ஒருத்தரும் இல்லை அக்கா.”

கரண்ட் வந்தது. அவள் என் பக்கங்களை அச்சடிக்கத் தொடங்கினாள்.

3

இந்தப் பாத்திரத்தை நானே நம்பவில்லை. வாசிக்க ஆளில்லாமல் எட்டு மாதம் எழுதுவாளா ஒருத்தி? காரணம் ஒன்று வேண்டும்.

[அவளுக்கு உறவென்று எவருமில்லாததால்… பொய். முல்லைத்தீவில் கொலின்ஸ் என்று ஒரு அண்ணன் இருக்கிறான். கிழமைக்கொருதரம் பஸ்ஸில் மீன் அனுப்புகிறான்.]

கடைசியில் அவளிடமே கேட்டேன்.

“எங்கட ஆக்களோடை கதைச்சா மூண்டாம் வசனத்திலை, கடைசிச் சண்டையிலை உங்கட வீட்டிலை ஆர் போனது எண்டு கேட்பினம். அங்கை, இண்டைக்கு என்ன கண்டனீ எண்டு மட்டுந்தான் கேட்பினம்.”

நானும் அவளை முதன்முதல் கண்ட அன்று, வீட்டில் ஆர் போனது என்றுதான் கேட்டிருந்தேன்.

4

களவு இனித்தான். கதைக்குச் சாமான் சேர்க்கவென்று நானும் துவேலாவில் பதிந்தேன். பெயர் ஓர்மோ. பனி கொட்டும் நாடொன்றில் தனியாக வாழும் ஆண். ஒரு மாதம் அகராதியோடு மல்லுக்கட்டினேன். அவள் எழுதியதற்குக் கீழே “மிரே தோ” என்று எழுதினேன். தேதி ஆயிரத்து நூற்றுப் பதினைந்து ஆனது.

அடுத்த நாள் கடைக்குள் கால் வைக்க முன்னமே, “அக்கா, ஒரு ஆள் வந்திட்டுது!” என்று கத்தினாள். நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை.

பத்து நாளில் விடுவதாகத்தான் இருந்தேன். இருநூறு நாள் தாண்டிவிட்டது. என் மனுசன் லண்டனில். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பார். சாப்பிட்டியோ, மழையோ என்று கேட்டு வைத்துவிடுவார். நான் அன்று என்ன கண்டேன் என்று கேட்க இந்த உலகத்தில் ஒரு ஆள் இருந்ததென்றால் அது ஜெயரூபினிதான். அதுவும் என்னிடம் இல்லை, ஓர்மோவிடம். ஓர்மோவைப் பார்த்து எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

கார்த்திகை மழைக்குள் பிழை விட்டேன். “குளம் வான் பாய்கிறது. சனமெல்லாம் குடையோடு பார்க்கப் போனோம்” என்று துவேலில் எழுதிவிட்டேன். பனிநாட்டுக்காரன் ஓர்மோ! [குளம் நிரம்பி வழிவதைத் திருவிழாபோல போய்ப் பார்க்கிற சனம் நாங்கள். கை தன்பாட்டில் எழுதிவிட்டது.]

அன்று பதில் வரவில்லை. மறுநாள் பின்னேரம் வந்தது. “மிரே தோ.”

அந்தக் கிழமை கடைக்குப் போனேன். தாள்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டே கேட்டாள்:

“இரணைமடுக் குளம் வான் பாஞ்சதாம். பாக்கப் போனனீங்களோ அக்கா?”

“இல்லைப் பிள்ளை.”

“நான் போனனான்” என்றாள்.

5

முடிவு அ: ஓர்மோ பனியில் வழுக்கிச் செத்துப்போகிறான். தேதி மறுபடி நிற்கிறது. (எழுதிப் பார்த்தேன். மனம் ஏவவில்லை.)

முடிவு ஆ: கடைக்குப் போய், “பிள்ளை, ஓர்மோ நான்தான்” என்கிறேன். அவள்

(அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. வசனம் அதில் நிற்கட்டும்.)

முடிவு இ: சொல்லாமலே இருந்துவிடுவது. எனக்கு விருப்பமானது இதுதான். கேவலமானதும் இதுதான்.

ஆனால் இந்தக் கதையையும் யாராவது தட்டச்சு செய்யவேண்டுமே. அவளிடம் கொடுத்தால் நான் வாய் திறக்கத் தேவையில்லை. நாலாம் பகுதிக்கு வரும்போது அவளே அறிந்துகொள்வாள், வாடிக்கையாளர் நிற்க, கை விசைப்பலகையில் இருக்க. அது கோழைத்தனம். கிளிநொச்சியில் வேறு கடை பார்ப்பது அதைவிடப் பெரிய கோழைத்தனம்.

சிறிய கோழைத்தனத்தைத் தெரிந்தெடுத்தேன்.

6

இந்தப் பகுதியை மட்டும் அச்சுப்படியில் பேனையால் சேர்க்கிறேன்.

அவள் ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்திருந்தாள். நான் வெட்டிய வசனங்களைக்கூட. உறையில் போட்டு நீட்டி, “சரி பாருங்கோ அக்கா” என்றாள். ஓம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

அன்று பின்னேரமே ஓர்மோவை அழித்துவிட்டு, துவேலாவில் என் சொந்தப் பெயரில் பதிந்து, அன்று கண்டதை எழுதினேன்: “ஒரு பெண்ணின் கையிலிருந்து என் பொய்யைத் திரும்ப வாங்கினேன்.”

இன்றோடு மூன்று நாள். தேதி நகரவில்லை. அவளும் ஒன்றும் எழுதவில்லை.

இனி நான் எழுத ஒன்றுமில்லை, வாசிக்கிறவரே. நீங்கள் அவளாக இருந்தால் என்ன செய்வீர்கள்? உங்களுக்கும் இப்போது அந்த மொழியில் இரண்டு சொல் தெரியும்.