தளம் போட்ட நாள்

சவப்பெட்டிக்குள் கிடந்த அம்மாவின் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கிறிஸ்டியின் செல்போன் அதிர்ந்தது. கொத்தனார் இசக்கிராஜா.

"எக்கா, பாதித் தளம் போட்டாச்சு. சேதி கேட்டு ஆளுக கையக் கட்டிட்டு நிக்காங்க. என்ன செய்யச் சொல்லுதிய?"

"நிறுத்துனா என்னாவும்?"

"நடுவுல ஒட்டு விழும். பெறகு ஆயுசுக்கும் அந்த எடத்துல ஒழுகும்."

ஒழுகாத கூரை. இரண்டு வருஷமாக அம்மா தங்கபுஷ்பம் ஊரெல்லாம் கேட்டது அதைத்தான். இலஞ்சியில் வாடகைக் கொட்டகையில் அவள் நடத்திய சிறப்புப் பள்ளியில், பேச்சு வராத பிள்ளைகளும் நடக்க முடியாத பிள்ளைகளும் சாரல் காலத்தில் நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு ஒரே மூலையில் ஒண்டுவார்கள். சொந்தக் கட்டடத்துக்காகத் தென்காசிக் கடைத்தெரு, கோயில் கமிட்டி, பள்ளிவாசல், சபை என்று அவள் ஏறாத படி கிடையாது. கிறிஸ்டி வண்டி ஓட்டிப் போவாள். உள்ளே மட்டும் வரமாட்டாள். கேட்பதற்கு நாக்கு கூசும் என்பாள். இன்று காலை தளம் போடுவதைப் பார்க்கக் கிளம்பியபோதுதான் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை.

"பொணத்த வீட்ல வச்சுட்டு அங்கன வேல நடக்கணுமாக்கும்?" என்றாள் அத்தை.

அப்பா நல்லதம்பி பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போடச் சொல்லு" என்றார்.

கிறிஸ்டி சொன்னாள். இசக்கிராஜா தயங்கினான். "சிமெண்ட் பத்தாதுக்கா. பிச்சையா அண்ணாச்சி லோடு இன்னும் வரல."

பிச்சையாவுக்குப் பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி. தளத்துக்கான சிமெண்ட் முழுவதும் தன் பொறுப்பு என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அது வந்துவிட்டால் கட்டடத்துக்காக இனி யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அவர் இப்போது வாசலில்தான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மாலையை வைத்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கிறிஸ்டி எதிரே போய் நின்றாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள்.

"அண்ணாச்சி, லோடு வரல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நாந்தான் நிறுத்தச் சொன்னேம்மா. எல்லாம் முடியட்டும். பெறகு பேசுவோம்."

"பெறகு பேசி ஆகாது. பாதில நிக்கி. இப்பமே வேணும்."

"ஒங்க அம்மா மொகத்துக்குச் சொன்னது அது. இனிம அத யாரு நடத்துவா?"

"நான் நடத்துவேன்."

"நீ வெளியவே நிக்கிற பிள்ளயாச்சே."

"இப்பம் கேக்குதேன்லா, அண்ணாச்சி."

பெட்டியைச் சுற்றி ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். பிச்சையா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஏலே, வண்டிய எடு. நேரா இலஞ்சிக்கு விடு."

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபத்தை முடிப்பதற்குள் குற்றால மலையை மறைத்துக்கொண்டு சாரல் இறங்கிவிட்டது. இறுகாத தளத்தில் மழை விழுந்தால் சிமெண்ட் பால் கழுவிக்கொண்டு போய்விடும். கிறிஸ்டி ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். கை கழுவாமலே வண்டியைக் கிளப்பினாள்.

ஐந்தருவியில் குற்றால சீசனுக்குக் கடை போட்டிருக்கும், அம்மாவுக்குப் பழக்கமான காஜாவும் பக்கத்துக் கடைக்காரர்களும் அவளுக்கு முன்பே வந்திருந்தார்கள். தங்கள் கடைகளுக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாய்களை அவிழ்த்துக் கொண்டுவந்து புதுத் தளம் முழுக்க விரித்திருந்தார்கள்.

"கடைசிச் சட்டி வரைக்கும் போட்டாச்சுக்கா" என்றான் இசக்கிராஜா.

கிறிஸ்டி காஜாவைப் பார்த்தாள். "ஒங்க சரக்கெல்லாம் நனையுமே, அண்ணே."

"நனைஞ்சா காஞ்சிரும்" என்றார் காஜா.

ஓர் ஓரத்தில் தார்ப்பாய் காற்றுக்கு எழும்பியது. கிறிஸ்டி வெள்ளைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மூங்கில் சாரத்தில் ஏறி, அந்த முனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"நான் கல்லு வைக்கேன்க்கா. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றான் இசக்கிராஜா.

அவள் கையை எடுக்கவில்லை. மழை தார்ப்பாயில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. அடியில் இறுகிக்கொண்டிருந்த தளத்தின் இளஞ்சூடு மெல்ல அவள் உள்ளங்கைக்கு ஏறியது.