உடையப்பனுக்கு யார் மருந்து வைத்தது?

உடையப்பன் "போதும்" என்று சொன்ன அன்றைக்குத்தான் அவன் பெண்டாட்டி அமராவதிக்குச் சந்தேகம் தட்டியது.

அவன் புக்கிட் பெலிம்பிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவன். சம்பளம் வாங்கிய கையோடு கோலசிலாங்கூர் டவுனுக்குப் பறந்து, எதையாவது புதிதாகத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். கறுப்புக் கண்ணாடி வந்தது, கலர் மீன் தொட்டி வந்தது, சண்டைச் சேவல்கூட வந்தது. மோட்டார் சைக்கிள் மாற்றிய கதையை ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். எதுவாக இருந்தாலும் அடுத்த சம்பளம் வரைக்கும்தான் மவுசு. மீன்கள் அதுவரைகூடத் தாங்கவில்லை, பாவம்.

அந்தச் சம்பள நாளில், ராத்திரிச் சந்தை கூடும் நேரத்துக்கு, அவளே வாய்விட்டுக் கேட்டாள்.

"பசார் மாலாமுக்குப் போகலையா?"

"எதுக்குலா? இருக்கிறதே போதும் புள்ள."

கட்டிய நாளிலிருந்து அந்த வாயில் வராத சொல். அதோடு நின்றிருந்தால் தேவலை. வேலை விட்டதும் நேரே வீட்டுக்கு வந்தான். குளித்துவிட்டு லயத்து வீட்டுப் படியில் உட்கார்ந்து அவள் கலக்கிய கோப்பியைக் குடித்தான். "நீ குடிச்சியா?" என்று வேறு கேட்டான். நடுநடுவே தானாகச் சிரித்துக்கொண்டான். கட்டிய புருஷன் காரணமில்லாமல் சிரித்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் சந்தேகம் வராது?

போதாக்குறைக்கு அலமாரிக்கு மேலே ஒரு பெட்டி. புத்தம் புது ரேடியோ. கடைசியாக அவன் வாங்கி வந்தது அதுதான். கடைக்காரன் கட்டிய கயிறுகூட அவிழ்க்கப்படாமல் இருந்தது. "யாருக்கு?" என்று கேட்டால், "அது அங்கயே கெடக்கட்டும்" என்பான். எவளுக்கோ கொடுக்க வைத்திருக்கிறான் என்று அவள் மனசு அடித்துச் சொன்னது.

பக்கத்து வீட்டு இராஜம்மா விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இது மருந்துதாண்டி. எவளோ சோத்துல வச்சிட்டா. எங்க சித்தப்பாவும் இப்படித்தான், பூனக்குட்டி மாரி ஆயிட்டாரு. அப்புறம் அந்தப் பொம்பள பின்னாலயே போயிட்டாரு."

ஆளை மயக்கும் மருந்தைச் சாப்பாட்டில் கலந்துகொடுப்பார்கள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளையே மாற்றிவிடும் என்று தோட்டத்தில் நம்பாதவர் யார்? அமராவதிக்கு உடனே ஒரு முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆலை வாசலில் ஒட்டுக்கடை வைத்திருக்கும் கங்கா. லோரிக்காரர்கள் எல்லாரும் அவளிடம்தான் தேத்தண்ணி குடிப்பார்கள்.

மறுநாளே போய் நின்றாள். கங்காவை நெற்றிப் பொட்டிலிருந்து விரல் நகம் வரைக்கும் கண்ணாலேயே அளந்தாயிற்று.

"அண்ணன் இப்ப இங்க குடிக்கிறதே இல்லக்கா. வீட்டுக் கோப்பிதான் நல்லாருக்காம். அப்படி என்னாதான் போடறீங்க?" என்று கங்கா சிரித்தாள்.

குற்றமுள்ளவள்தான் இப்படி முந்திக்கொண்டு பேசுவாள் என்று அமராவதி முடிவு கட்டினாள்.

சுங்கை புரோங்கில், வைத்த மருந்தை வெளியே எடுக்கும் அப்பளசாமியிடம் போகலாம் என்று உடையப்பனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பழைய உடையப்பனாக இருந்தால் வாளியை எட்டி உதைத்திருப்பான். இவனோ, "உனக்கு நிம்மதின்னா போலாம்" என்று சட்டையை மாட்டினான். மருந்து எலும்பு வரைக்கும் ஏறிவிட்டது என்று அவள் அவசரமாகச் செருப்பைத் தேடினாள்.

வயலோரத்து வீட்டில் அப்பளசாமி பச்சிலைச் சாற்றை வெறும் வயிற்றில் குடிக்க வைத்தார். உடையப்பன் குடல் வெளியே வருகிற மாதிரி எதிரே வைத்த தகரப் பேசினில் வாந்தி எடுத்தான். கிழவர் கையை விட்டுத் துழாவி, முடி சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதற்கு முன்னால் அவர் கை வெற்றிலைப் பெட்டிக்குள் போய் வந்ததை அமராவதி பார்த்தாள். பார்த்தும், பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். ஏதாவது ஒன்று வெளியே வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"இனிமே பழைய ஆளா ஆயிருவாரும்மா" என்றார் கிழவர்.

திரும்பும்போது தஞ்சோங் காராங் கடைத்தெருவில் உடையப்பன் மோட்டார் சைக்கிளைச் சட்டென்று நிறுத்தினான். மின்சாமான் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் புது வீடியோ டெக் ஒன்று பளபளத்தது. அவன் கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம்.

"பாரு அமராவதி! என்னா அழகா இருக்கு! எடுத்துருவமா?"

அமராவதிக்குத் தலையில் இடி இறங்கியது. கிழவர் சொன்ன பழைய ஆள் இவன்தான். புதுச் சாமானைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அவள் பக்கம் முதுகைக் காட்டிப் படுக்கிறவன். அது சலித்ததும் வீட்டில் இருக்கிற எல்லாவற்றின் மேலும், அவளையும் சேர்த்து, எரிந்து விழுகிறவன். அவள் சாப்பிட்டாளா என்று ஒரு நாளும் கேட்காதவன். இந்தப் பாழாய்ப்போன மனுஷனுக்காகவா, படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவனை இழுத்துவந்து வாந்தி எடுக்க வைத்தாள்? தன் வாழ்வைத் தானே பேசினில் கொட்டிவிட்டதாக நினைத்து அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் வேணாம்! இருக்கிறதே போதும், வீட்டுக்கு வாங்க!" என்று நடுத்தெரு என்றும் பாராமல் கத்தினாள்.

உடையப்பன் திரும்பிப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"பழைய ஆளு வேணும்னு நீதான கூட்டியாந்த? அதான் கேட்டுப் பாத்தேன். இப்ப உனக்கு எவ மருந்து வச்சா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கத் தோன்றவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை அங்கேயே கேட்டாள்.

"அலமாரி மேல இருக்கே, அந்தப் பொட்டி யாருக்கு?"

"யாருக்கும் இல்லலா. அத வாங்கிட்டு வரப்ப மழ. ஒரு கடையோரமா ஒதுங்குனேன். பொட்டி மடியில இருக்கு. அந்தக் கடையில பாத்தா அதவிடப் பெரிசா ஒண்ணு. கயித்தக்கூட அவுக்கல புள்ள, அதுக்குள்ள என்னுது எனக்குப் புடிக்காமப் போச்சு. எனக்கே சிரிப்பு வந்திருச்சு. வீட்டுக்கு வந்தா நீ கருவாட்டுக் குழம்பு வச்சிருந்த. கட்டுன நாள்லேருந்து அதே குழம்புதான். அது மட்டும் ஏன் சலிக்கலன்னு அன்னிக்கித்தான் யோசிச்சேன்." வண்டியை உதைத்துக் கிளப்பினான். "பிரிச்சிட்டா இதெல்லாம் மறந்துபோயிரும். அதான் அப்படியே வச்சிருக்கேன். ஏறு, பசிக்கிது."

கங்காவிடம் நாளைக்கு எந்த முகத்தோடு பேசுவது என்று வழியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உடையப்பன் வழக்கம்போலப் படியில் உட்கார்ந்தான். அமராவதி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். தூளைப் போட்டாள், சீனியைப் போட்டாள். கலக்கிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி, தன் கையையே ஒரு தரம் சந்தேகமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.