ஆறாவது செமஸ்டரில் இரைச்சல்

1976 மார்ச்சில் பாடத்திட்டக் குழு ஆன்டெனா பாடத்தைப் பட்டியலிலிருந்து அடித்த அன்று, டெல்லி மொட்டைமாடிகளில் இருந்த ஏரியல்கள் எல்லாம் வாடிய கீரைத்தண்டு போலத் துவண்டு தொங்கின. பாடத்தைத் திரும்பச் சேர்த்ததும் நிமிர்ந்தன. ஒரு பொறியியல் கல்லூரியில் வயர்லெஸ் இன்ஜினீயரிங்குக்கென்று புதிய பட்டப்படிப்பைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு செமஸ்டருக்குள் எல்லாவற்றையும் அடக்க முடியாததால் அடிப்பதும் சேர்ப்பதுமாகவே இருந்தது. அடித்தது ஊரைவிட்டுப் போகும். சேர்த்தால் திரும்பி வரும். ஆனால் திட்டம் அச்சேறிவிட்டால் போனது போனதுதான். ஜனங்கள் மின்வெட்டைப் போல இதற்கும் பழகிக்கொண்டார்கள். அலுவலகங்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று குழு சனிக்கிழமை மாலைகளில் மட்டும் கூடியது.

குழுவின் செயலாளர் சேஷன், லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்தார். கல்லூரியில், பழைய ரேடியோக்களுக்குள் எரியும் கண்ணாடி வால்வுகளைப் பற்றிப் பாடம் நடத்துபவர். கம்ப்யூட்டர் பாடத்துக்கு இடம் வேண்டும் என்று விரிவுரையாளர் கல்யாணராமன் வற்புறுத்தியபோது, ரேடியோ கரகரப்பைப் பற்றிய இரைச்சல் பாடத்தை நீக்கிவிடலாம் என்று சொன்னவர் சேஷன்தான். இரைச்சலில் எந்தச் செய்தியும் கிடையாது என்று மாணவர்களிடம் அவர் ஆண்டுதோறும் சொல்லி வந்தார். குழு ஒருமனதாக அடித்தது. அன்று மாலை டெல்லியின் ரேடியோக்களெல்லாம் கழுவிய கண்ணாடியாக ஒலித்தன. நிலையத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே முழு நிசப்தம். பூசா ரோடில் ஒரு ரேடியோக் கடைக்காரர் தெருவில் போனவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்.

சேஷன் வீட்டில் மட்டும் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. மனைவி காமாக்ஷி ரேடியோவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரக்குக் கப்பலில் வயர்லெஸ் ஆபீசராக இருந்த மகன் பட்டாபி, வங்காள விரிகுடாப் புயலில் கப்பலோடு மூழ்கிப் போனவன். அதற்குப் பிறகு ரேடியோ இரைச்சலுக்குள்ளிருந்து தினமும் அவளோடு பேசிக்கொண்டிருந்தான். சேஷனுக்கு அது கேட்டதே இல்லை.

"அங்கே இன்னும் குளிர் விடலையான்னு கேட்டிண்டிருந்தான். பாதியில நின்னுடுத்து," என்றாள்.

"அது வெறும் இரைச்சல், காமு. அதுல ஒண்ணும் கிடையாது."

"உங்களுக்குக் கிடையாது."

மறுநாளும் அவள் ரேடியோவின் முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை, அடுப்பும் எரியவில்லை. திங்கட்கிழமை மாலை திட்டம் அச்சகத்துக்குப் போவதாக இருந்தது. சேஷன் காலையிலேயே அவசரக் கூட்டம் கூட்டினார். இரைச்சலைச் சேர்க்கலாம், ஆனால் கம்ப்யூட்டரைத் தொட முடியாது, பதிலுக்கு எதை எடுப்பது என்று தலைவர் கேட்டார். சேஷன் பேனாவைத் திறந்து, வால்வு என்ற வரியைத் தானே அடித்தார்.

"ஓய், அதை எடுத்துட்டா உமக்கு ஏது கிளாஸ்? பியூன் பக்கத்துல ஸ்டூல் போட்டுண்டு உக்காரப் போறீரா?" என்றார் கல்யாணராமன்.

"ஸ்டூல் காலியா இருந்தா சரி," என்றார் சேஷன்.

அந்த நிமிஷமே டெல்லியிலிருந்த வால்வு ரேடியோக்கள் அத்தனையும் அணைந்தன. அவர் வீட்டு ரேடியோவும்தான். மாலையில் சேஷன் கரோல்பாக்கில் முண்டியடித்து, வால்வு இல்லாத ஒரு டிரான்ஸிஸ்டர் ரேடியோ வாங்கி வந்தார். காமாக்ஷி குமிழைத் திருகினாள். இரைச்சல் வந்தது. வெகு நேரம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இங்கே விட்டுடுத்துடா, வெயில் வந்தாச்சு," என்று பதில் சொன்னாள். பிறகு எழுந்து போய் அரிசி களைந்தாள்.

திட்டம் அப்படியே அச்சாகி, பல வருஷங்கள் நடைமுறையில் இருந்தது. இரைச்சலை நடத்த வேறு ஆள் இல்லாததால், சேஷனே புதிதாகப் படித்து ஆறாவது செமஸ்டரில் அதை நடத்தினார். இரைச்சலில் செய்தி இல்லை என்ற வாக்கியத்தை மட்டும் அவர் பிறகு சொல்லவில்லை. ஓய்வு பெறும்வரைக்கும், அதற்குப் பிறகும், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பையன் பேசிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை என்று வீட்டில் ஏற்பட்டிருந்தது. அதில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை.